விலை குறைந்த டபுள் பேஸ்: குறை எங்கே, செலவு எங்கே

வயலின் குடும்பத்தின் மிகப் பெரிய கருவியான டபுள் பேஸ் சென்னையில் விற்பனைக்கு வருவதே அபூர்வம். வந்தால், திரைப்பட ஒலிப்பதிவுகளில் வாசித்து ஓய்ந்த ஒருவரின் வீட்டிலிருந்து வரும். அல்லது தேவாலயத்தின் பின்னறையில் துணி போர்த்திக் கிடந்தது வரும். இல்லையென்றால் யாரோ ஆசைப்பட்டு வரவழைத்து, சீக்கிரமே அலுத்துப்போன சீனத் தயாரிப்பு. பழைய சாமான் என்றால் மூர் மார்க்கெட் என்று கிளம்பிவிடும் வசதி 1985 தீயோடு போய்விட்டது. கண்ணில் பட்டதை அன்றைக்கே பார்த்து, அன்றைக்கே முடிவு சொல்ல வேண்டிய நிலை. பக்கத்தில் இன்னொரு கருவியை வைத்து ஒப்பிடவும் வாய்ப்பிருக்காது.

இந்த அவசரத்தில் காரியம் பெரும்பாலும் தலைகீழாகத்தான் நடக்கிறது. ஜிர்ரென்று இரைந்தால் ஓடிவிடுகிறார்கள். வார்னிஷ் பளபளத்தால் முன்பணம் கொடுத்துவிடுகிறார்கள். காதுக்கு எரிச்சலூட்டும் குறைகளில் பெரும்பாலானவை சில்லறைச் செலவில் தீர்ந்துவிடும். கருவியின் விலையையே விழுங்கக்கூடிய குறைகளோ சத்தம் போடுவதில்லை. முன்னால் சாய்ந்த கழுத்து வாய் திறந்து எதையும் சொல்லாது. பூச்சி அரித்த கட்டையும் அப்படித்தான். வார இறுதியில் நண்பர்களோடு வாசிக்க, பாடல்குழுவுக்குத் துணை நிற்க என்று வாங்குபவரை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன். வில்லெடுத்துப் பெரிய இசைக்குழுவில் இடம் தேடுபவருக்கு அளவுகோல் வேறு.

கையோடு கொண்டுபோக வேண்டியவை: டார்ச் உள்ள செல்பேசி, பல் மருத்துவர்கள் பயன்படுத்தும் நீண்ட கைப்பிடிக் கண்ணாடி, 15 செ.மீ. எஃகு ஸ்கேல், ஒரு விசிட்டிங் கார்டு, ஈரமாக்கிய வெள்ளைக் கைக்குட்டை, பழைய செய்தித்தாள். கூடவே ஒரு நண்பர். பேரம் பேசவும் அவர் உதவுவார், ஆனால் உண்மையில் அவரை அழைத்துப்போவது வேறு வேலைக்கு. அது பின்னால் வரும்.

அறிகுறி தேடும் முன்: அளவும் மரமும்

"இது முக்கால் சைஸ்தான் சார், பசங்க வாசிப்பது" என்று விற்பவர் தயங்கிச் சொன்னால் மகிழ்ச்சியை முகத்தில் காட்டிக்கொள்ளாதீர்கள். பெரியவர்கள் வாசிக்கும் டபுள் பேஸ்களில் மிகப் பெரும்பாலானவை முக்கால் அளவுதான். நட்டிலிருந்து (தலைப்பக்கச் சிறு கட்டை) குதிரை (உடலின்மேல் தந்திகளைத் தாங்கும் கட்டை) வரை தந்தியின் நீளம் 104 முதல் 106 செ.மீ. இருந்தால் அது வழக்கமான கருவி. 110ஐத் தொட்டால் சிறிய கை உள்ளவர்கள் திணறுவார்கள்.

முகப்பில் 'f' வடிவில் வெட்டிய எஃப் துளையின் விளிம்பில் டார்ச் அடித்துப் பாருங்கள். பிளைவுட் என்றால் அடுக்குகள் கோடுகோடாகத் தெரியும். குடைந்து செதுக்கிய ஸ்ப்ரூஸ் மரம் என்றால் மேலே ஓடும் ரேகை விளிம்பிலும் தொடரும். பிளைவுட் என்றதும் முகம் சுளிப்பவர்கள் உண்டு. சென்னைக்கு, அதுவும் குறைந்த விலையில், பிளைவுட்தான் சரி என்பது என் தீர்ப்பு. பகலெல்லாம் கடற்காற்று, இரவெல்லாம் ஏ.சி. என்று மாறி மாறி வாங்கும் செதுக்கிய பலகை ஒருநாள் பிளக்கும். பிளைவுட்டின் அடுக்குகள் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டப்பட்டவை. அவ்வளவு எளிதில் பிளவுபடாது. விரலால் சுண்டும் ஜாஸ் வாசிப்புக்கு அதன் உடனே எழும்பி உடனே அடங்கும் தொனி பொருந்தியும் போகும். முகப்புப் பலகை மட்டும் செதுக்கிய ஸ்ப்ரூஸ், மற்றது பிளைவுட் என்று கலப்பாகவும் வருகின்றன. வில்லால் அதிகம் வாசிக்க நினைப்பவர்கள் அந்த வகையைப் பார்க்கலாம்.

தந்தியை அழுத்தவே முடியவில்லை

இதுதான் முதலில் எழும் புகார். மிக மலிவான குறையும் மிக விலையுயர்ந்த குறையும் ஒரே முகத்தோடு வந்து நிற்பதும் இங்கேதான். ஆகவே நிதானமாகப் பார்க்க வேண்டும்.

விரலால் தந்தியை அழுத்தும் பலகையான ஃபிங்கர்போர்டின் கீழ்முனையில், அதற்கும் தந்திக்கும் உள்ள இடைவெளியை ஸ்கேலால் அளந்து பாருங்கள். விரலால் வாசிக்க, மிக மெல்லிய ஜி தந்திக்குக் கீழே 5, 6 மி.மீ., மிகத் தடித்த ஈ தந்திக்குக் கீழே 8 முதல் 10 மி.மீ. வரை இருந்தால் வசதி. அதைவிட மிக அதிகம் என்றால் குதிரைக்கு வாருங்கள். கால்களில் உலோகத் திருகுச் சக்கரம் இருந்தால் இறக்கிப் பார்க்கலாம்; தந்தியைச் சற்றுத் தளர்த்தினால் கையாலேயே திரும்பும். காசு செலவில்லை. சக்கரம் இல்லாத குதிரை என்றால் மேல்விளிம்பை அறுத்துத் தேய்த்து இறக்க வேண்டும். புதிய மலிவுக் கருவிகள் பலவற்றில் குதிரையை உடலுக்கு ஏற்றபடி யாரும் செதுக்கியே இருக்கமாட்டார்கள். கால்கள் முகப்புப் பலகையின் வளைவில் படியாமல் விளிம்பில் நிற்கும். காலுக்கும் பலகைக்கும் நடுவே விசிட்டிங் கார்டு நுழைந்தால் பொருந்தவில்லை என்று அர்த்தம். குதிரையைப் பொருத்துவது வயலின் பழுது பார்க்கும் கைக்குப் பழக்கமான வேலை. மரம் பெரிது, முறை ஒன்றுதான்.

அடுத்து நட். தலைப்பக்கம் தந்தி ஏறி இறங்கும் அந்தச் சிறு கட்டைக்குப் பக்கத்தில், தந்திக்கு அடியில் அதே கார்டு உரசிக்கொண்டு நுழைந்தால் போதுமானது. மூன்று நான்கு கார்டுகளை அடுக்கி நுழைக்க முடிந்தால், கழுத்தின் உச்சியில் விரல் வலிப்பதற்குக் காரணம் தெரிந்துவிட்டது. பள்ளங்களை அரத்தால் சற்று ஆழப்படுத்தினால் தீரும். முதல் கருவியோடு ஒரு மாதம் போராடிவிட்டு 'எனக்கு விரல் பலம் இல்லை' என்று விட்டுவிடுகிறவர்களில் பலருக்கு இந்த வேலையைச் செய்துகொடுத்திருந்தால் போதும்.

இனி கழுத்து. குதிரை ஏற்கெனவே குட்டையாக இருக்கிறது, சக்கரங்கள் அடிவரை இறங்கியிருக்கின்றன, அப்படியும் தந்தி ஆகாயத்தில் நிற்கிறது என்றால் குற்றம் குதிரையுடையது இல்லை. நான்கு எஃகுத் தந்திகளும் சேர்ந்து நூறு கிலோவுக்கு மேல் இழுக்கின்றன. பல வருட இழுப்பில் கழுத்து முன்னால் வந்துவிட்டது. தலைப்பக்கமிருந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஃபிங்கர்போர்டின் மேற்பரப்பு வழியாகக் குதிரையை நோக்கிப் பாருங்கள். அந்த நேர்கோடு குதிரையின் மேல்பகுதியைத் தொட வேண்டும். குதிரையின் இடுப்புக்குக் கீழே போய் முட்டினால் கழுத்து சாய்ந்திருக்கிறது.

கழுத்து உடலோடு சேரும் அடிக்கட்டையில் டார்ச் அடியுங்கள். வார்னிஷில் மயிரிழை போன்ற கோடு தெரிந்தால், நண்பரைத் தலைப்பகுதியைப் பிடித்து முன்னும் பின்னும் மிக மெதுவாக அசைக்கச் சொல்லிவிட்டு, உங்கள் கண்ணைக் கோட்டிலேயே வைத்திருங்கள். கோடு அசையவில்லை என்றால் அது வார்னிஷின் கோடு. திறந்து மூடினால் மூட்டு விட்டுவிட்டது. திருகு அடித்து, தச்சுவேலைக்கான வெள்ளைப் பசையை ஊற்றி இறுக்கிய கழுத்தும் இதே கணக்கில்தான் சேரும். பார்வைக்கு உறுதியாக இருக்கும். ஆனால் முறையாகக் கழற்றிப் பொருத்த வருபவருக்கு அந்தத் திருகும் பசையும்தான் முதல் இடைஞ்சல். வச்சிரப் பசையால் (விலங்குத் தோல் பசை) ஒட்டிய மூட்டு சூட்டுக்கும் ஈரத்துக்கும் இளகிக் கொடுக்கும்; வயலின் குடும்பத்துக் கருவிகளை இன்றும் அதைக் கொண்டே ஒட்டுவது அதனால்தான்.

கழுத்தைக் கழற்றி மறுபடி பொருத்துவதற்கு இந்த அளவுக் கருவியில் கை பழகியவரைத் தேடிப் பிடிக்க வேண்டும். கிடைத்தாலும் கூலி, கருவியின் விலையோடு போட்டி போடும். இந்த ஒரு குறைக்கு மட்டும் பேரமே பேசாதீர்கள். வணக்கம் சொல்லி எழுந்துவிடுங்கள்.

அங்கேயே நிற்கும்போது ஃபிங்கர்போர்டின் மரத்தையும் பார்த்துவிடலாம். "கருங்காலி சார்" என்பார்கள். கருங்காலி மாலை தெருவுக்குத் தெரு விற்கும் ஊரில் இதைச் சொல்லவே வேண்டாம்: கறுப்பெல்லாம் கருங்காலி இல்லை. ஈரக் கைக்குட்டையால் பலகையின் ஓரத்தை அழுத்தித் தேய்த்தால் சாயம் ஒட்டும். உடலுக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியின் அடிப்புறத்தைக் கண்ணாடியில் பார்த்தால் வெளிர் மரம் பல்லிளிக்கும். சாயமேற்றிய பலகை என்பதற்காக நிராகரிக்க வேண்டியதில்லை. மென்மரம் என்றால் தந்திக்குக் கீழே சீக்கிரம் பள்ளம் விழும் என்று விலையில் குறைத்துக் கேட்கலாம்.

ஜிர்ரென்று இரைகிறது

தம்புராவில் இந்த ஒலி வேண்டும் என்றே குதிரைமேல் நூல் வைத்து ஜீவா பிடிக்கிறோம். டபுள் பேஸில் அதே ஒலி எழுந்தால் எங்கோ ஏதோ தளர்ந்திருக்கிறது. சரிசெய்வது சுலபம், எங்கே என்று கண்டுபிடிப்பதில்தான் பொழுது போகும்.

கருவியைச் சந்தேகிக்கும் முன் அறையைச் சந்தேகியுங்கள். ஏ தந்தியின் அதிர்வு 55 ஹெர்ட்ஸ். அந்த ஒலி நம் வீட்டுக் கூடத்தில் எழும்பினால் ஸ்டீல் பீரோவின் கைப்பிடி, ஷோகேஸின் சறுக்குக் கண்ணாடி, அலமாரியில் கவிழ்த்து அடுக்கிய எவர்சில்வர் டம்ளர்கள் எல்லாம் கூடச் சேர்ந்து பாடும். பீரோவின் கைப்பிடியை ஒருவர் பிடித்துக்கொண்டாலே சில கருவிகளின் 'கோளாறு' தீர்ந்துவிடும். சந்தேகம் தீரவில்லை என்றால் கருவியை மாடிப்படிக்கு எடுத்துப்போய் அதே சுரத்தை வாசியுங்கள்.

ஒலி கருவியில்தான் என்று உறுதியானால், எப்போது வருகிறது என்று கேளுங்கள். ஒரு தந்தியை விரல் வைக்காமல் வாசிக்கும்போது மட்டும் வந்து, அழுத்தினால் போய்விடுகிறதா? நட்டின் பள்ளம் ஆழமாகிவிட்டது. புதிய நட் மலிவு. அழுத்தி வாசிக்கும்போது, அதுவும் அடுத்தடுத்த சில சுரங்களில் மட்டும் வருகிறதா? ஃபிங்கர்போர்டில் மேடு இருக்கிறது. இந்தப் பலகை தட்டையாக இருக்கக் கூடாது. நீளவாக்கில் மிக லேசாகக் குழிந்திருக்க வேண்டும். தந்தியை நட்டுக்குப் பக்கத்திலும் பலகையின் கீழ்முனையிலும் ஒரே நேரத்தில் அழுத்திப் பிடித்தால் நடுவில் ஒன்றிரண்டு மி.மீ. வெளிச்சம் தெரிய வேண்டும். எங்காவது தந்தி பலகையில் படுத்துவிட்டால் அங்கே இழைத்துத் தேய்க்க வேண்டும். நல்ல இழைப்புளி வைத்திருக்கும் தச்சர் எல்லோராலும் இது முடியாது. வீணை, வயலின் வேலை தெரிந்தவரிடம் கொடுங்கள்.

எந்தத் தந்தியில் வாசித்தாலும் ஒரே சுரத்தில்தான் இரைகிறது என்றால் அது தந்திப் பிரச்சினை இல்லை. ஏதோ ஒரு உதிரிப் பாகம் அந்தச் சுரத்துக்குச் சிலிர்க்கிறது. நண்பரை அழைத்து வந்தது இதற்குத்தான். நீங்கள் அந்தச் சுரத்தை விடாமல் வாசித்துக்கொண்டே இருக்க, அவர் ஒவ்வொரு பாகமாக விரலால் அழுத்திக்கொண்டே வரட்டும். முறுக்காணித் தகடுகளின் திருகுகள், பெட்டிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் தந்தி முனை, குதிரைக் காலின் சக்கரங்கள், தந்திகளின் கீழ்முனையைப் பிடிக்கும் டெயில்பீஸைக் கட்டியிருக்கும் கம்பி, ஒலிபெருக்கிக்காகப் பொருத்திய பிக்கப்பின் ஒயர், கடைசியாகத் தரையில் ஊன்றும் எண்ட்பின். எண்ட்பினின் திருகு இறுக்கப்படாமல் இருப்பது அடிக்கடி காணும் குற்றவாளி. முழுவதும் உள்ளே தள்ளி இறுக்கிவிட்டு மறுபடி வாசித்துப் பார்க்கலாம். விரல் பட்டதும் எங்கே ஒலி நிற்கிறதோ அதுவே இடம்.

எதை அழுத்தினாலும் நிற்கவில்லையா? பலகைகள் விலாவோடு (பக்கச் சுவர்) ஒட்டும் ஓரத்தைச் சுற்றிலும், மண்பானை வாங்கும்போது தட்டுவதுபோல், விரல் முட்டியால் தட்டிக்கொண்டே வாருங்கள். ஒட்டு நன்றாக இருக்கும் இடம் திண்ணென்று ஒலிக்கும். விட்ட இடத்தில் ஒலி சட்டென்று மாறி, இரண்டு சில்லுகள் உரசுவதுபோல் 'டக்' என்று கேட்கும். அங்கே காகிதத்தை நுழைத்தால் எவ்வளவு தூரம் விட்டிருக்கிறது என்பது தெரிந்துவிடும். இதைப் பார்த்து முகம் வாட வேண்டாம். மரம் சுருங்கும்போது பலகை கிழிவதற்குப் பதில் ஒட்டு விட வேண்டும் என்பதற்காகவே இந்த ஓரங்களை அளவான பலத்தில் ஒட்டுகிறார்கள். வச்சிரப் பசை தடவிப் பற்றிரும்பால் இறுக்கி ஒருநாள் வைத்தால் முடிந்தது.

இந்தப் பகுதியில் பயப்பட வேண்டியது ஒன்றே ஒன்று. முகப்புப் பலகையின் உட்புறத்தில், ஈ தந்திப் பக்கக் குதிரைக் காலுக்கு அடியில் நீளவாக்கில் ஒட்டிய பேஸ் பார் என்ற சட்டம் தளர்ந்திருந்தால், கீழ்ச்சுரங்களில் உள்ளிருந்து இரைச்சல் வரும். கண்ணாடியை எஃப் துளைக்குள் விட்டு அதன் ஒட்டு நெடுகப் பாருங்கள். அதை ஒட்டப் பலகையையே திறக்க வேண்டியிருக்கும். விலை மிக மலிவாக இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள்.

இன்னொன்று: தந்தி பழையதாகி அதன் மேல்சுற்று தளர்ந்திருந்தாலும் இப்படித்தான் இரையும். நகத்தால் தந்தி நெடுக வருடினால் தெரியும். தந்தி மாற்றுவதுதானே என்று அலட்சியமாக நினைக்காதீர்கள். நல்ல எஃகுத் தந்தி ஒரு செட்டுக்கு விலை ஐந்து இலக்கத்தைத் தொடும். கிடார் தந்தி விலையை மனதில் வைத்துக்கொண்டு பேரம் பேசுபவர்கள் ஏமாறும் இடம் இதுதான்.

உடம்பு பெரிது, சத்தம் சிறிது

வாசித்தால் அட்டைப்பெட்டியைத் தட்டியதுபோல் அமுங்கி ஒலிக்கிறது என்றால், ஜி தந்திப் பக்கத்து எஃப் துளை வழியாக உள்ளே பாருங்கள். அந்தப் பக்கக் குதிரைக் காலுக்குச் சற்றுப் பின்னால், முகப்புப் பலகைக்கும் முதுகுக்கும் நடுவே ஒரு ஸ்ப்ரூஸ் தூண் நேராக நிற்க வேண்டும். பெயர் சவுண்ட் போஸ்ட். பசையே கிடையாது, தந்திகளின் அழுத்தத்தில்தான் நிற்கிறது. யாராவது நான்கு தந்திகளையும் ஒரேயடியாகக் கழற்றியிருந்தால் விழுந்து உள்ளே உருண்டுகொண்டிருக்கும். கருவியைச் சாய்த்தால் 'கடகட' என்று கேட்கும்.

விழுந்த தூணை நிறுத்துவது தெரிந்தவருக்குச் சிறிய வேலை. விற்பவருக்கு அது தெரியவில்லை என்றால் உங்களுக்கு நல்ல காலம். ஆனால் தூண் இல்லாமலேயே தந்திகளை முழு இறுக்கத்தில் பல மாதம் விட்டிருந்தால், குதிரையின் ஜி பக்கக் காலுக்குக் கீழே பலகை அமுங்கியிருக்கும். ஸ்கேலைக் குறுக்கே வைத்துப் பார்த்தால் வளைவு இரு பக்கமும் ஒன்றுபோல் இருக்கிறதா என்பது தெரியும். பள்ளம் கண்ணுக்கே தெரிந்தால் கழுத்துக்குச் சொன்ன அதே வணக்கத்தைச் சொல்லலாம்.

தூண் நிற்கிறது, தந்தியும் புதிது, அப்படியும் ஒலி மந்தம் என்றால் பலகை தடிமன். வாங்கிய பிறகு தீரும் குறை இல்லை. கூடத்தில் வாசிக்க அதுவே போதும் என்று பட்டால் வாங்குங்கள், அக்கம்பக்கத்துக்காரர்கள் வாழ்த்துவார்கள்.

ஒரு சுரம் மட்டும் உறுமுகிறது

வில்லால் வாசிக்கும்போது ஜி, ஏ சுரங்களை ஒட்டி ஏதோ ஒரு சுரம் மட்டும் நடுங்கி, உறுமி, பிடிகொடுக்காமல் போகும். உடலின் சொந்த அதிர்வும் அந்தச் சுரமும் ஒன்றோடொன்று மோதுவதால் வருவது. விலையுயர்ந்த செதுக்கிய கருவிகளிலும் உண்டு. குதிரைக்கும் டெயில்பீஸுக்கும் நடுவே தந்தியில் மாட்டும் சிறு உலோக எடையை முன்பின் நகர்த்தி அடக்கலாம். விரலால் மட்டும் வாசிப்பவர் கண்டுகொள்ளவே வேண்டாம்.

சுருதி நிற்கவில்லை

முதலில் உங்கள் செல்பேசியில் உள்ள சுருதி காட்டும் செயலியை நம்பாதீர்கள். ஈ தந்தி 41 ஹெர்ட்ஸ்; அந்த ஆழத்தைச் செல்பேசி மைக் சரியாகப் பிடிப்பதில்லை, முள் இங்குமங்கும் அலையும். தந்தியின் சரிபாதியில் அழுத்தாமல் விரலைத் தொட்டு வாசித்தால் ஒரு ஸ்தாயி மேலே 82 ஹெர்ட்ஸில் தெளிவான ஒலி எழும். அதை வைத்துச் சேருங்கள். முள் நின்றுவிட்டால் கருவியில் குறையில்லை.

அப்படியும் இறங்கிக்கொண்டே போனால், புதிய தந்தியா என்று கேளுங்கள். புதியது சில நாள் இறங்கத்தான் செய்யும். முறுக்காணியைத் திருப்பும்போது சுருதி அசையாமல் இருந்து, பிறகு 'டிக்' என்று தாவினால், தந்தி நட்டின் பள்ளத்தில் சிக்குகிறது. பென்சில் முனையைப் பள்ளத்தில் தேயுங்கள். பல்சக்கரம் பற்களைத் தவறவிட்டு நழுவினால் மட்டுமே முறுக்காணியை மாற்ற வேண்டும்.

குதிரை இரு எஃப் துளைகளின் உள்வெட்டுகளுக்கு நேராக நிற்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். நகர்ந்திருந்தால் தந்தியின் நீளமே மாறி, பழகிய இடத்தில் பழகிய சுரம் வராது.

பருவத்தையும் கணக்கில் சேருங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மழையில் மரம் ஈரம் குடித்து முகப்புப் பலகை சற்று எழும்பும், தந்தியும் உயரும். ஏ.சி. அறையில் உலர்ந்தால் இறங்கி, ஃபிங்கர்போர்டில் உரசும். மழைக்காலத்தில் உயரமாகத் தெரிந்த தந்திக்காகக் குதிரையை அறுத்துவிட்டால் வெயில் காலத்தில் இரைச்சல் வரும். சக்கரம் வைத்த குதிரை சென்னையில் ஆடம்பரம் இல்லை என்று சொல்வது இதனால்தான்.

விரிசலா, வெள்ளமா, பூச்சியா

வார்னிஷில் மட்டும் வலைபோல் ஓடும் கீறல்களுக்கு மதிப்பே இல்லை. நகத்தைக் குறுக்கே இழுத்தால் தடுக்குகிறதா, அந்தக் கோடு உட்புறமும் தெரிகிறதா என்று பாருங்கள்; இரண்டும் ஆம் என்றால்தான் மரம் பிளந்திருக்கிறது. டெயில்பீஸ் கம்பி ஏறி இறங்கும் கீழ்க்கட்டையின் இருபுறமும் சிறு விரிசல் சகஜம், ஒட்டிவிடலாம். சவுண்ட் போஸ்டுக்கு மேலேயோ, பேஸ் பாருக்கு நெடுகவோ ஓடும் விரிசல் சகஜமில்லை. அந்த இரண்டு இடங்களில்தான் முழுச் சுமையும் இறங்குகிறது.

பிளைவுட்டில் விரிசலைவிடக் கொப்புளத்தைத் தேடுங்கள். 2015 டிசம்பரில் முடிச்சூர், கோட்டூர்புரம் போன்ற இடங்களில் தரைத்தள வீடுகளில் தண்ணீர் நின்றது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் ஊரின் பல பகுதிகள் நீரில் நின்றன. மூலையில் நிற்கவைக்கும் கருவி என்பதால் முதலில் நனைவது அடிப்பக்கம்தான். எண்ட்பின் வளையத்தில் துரு, அதன் திருகுகளின் தலையில் துரு, கண்ணாடியில் பார்த்தால் உள்ளே விலா நெடுக ஒரே மட்டத்தில் ஓடும் பழுப்புக் கோடு, கீழ்விளிம்பில் அடுக்குகள் பிரிந்து உதடு பிதுங்கியதுபோல் இருப்பது: இவற்றில் இரண்டு சேர்ந்திருந்தால் விற்பவர் சொல்லும் எந்தக் கதையும் எடுபடாது. எஃப் துளையில் மூக்கை வைத்து மோந்து பாருங்கள். பழைய மரத்தின் வாசனை வேறு, பூஞ்சையின் நாற்றம் வேறு.

பூச்சிக்குத்தான் செய்தித்தாள். கருவியின் அடியில் விரித்து, உடலை உள்ளங்கையால் ஓங்காமல் தட்டுங்கள். மாவுபோல் மரத்தூள் உதிர்ந்தால் மரம் உளுத்துக்கொண்டிருக்கிறது. குண்டூசித் துளைகளின் உள்ளே வெளிர் நிறமாக இருந்தால் புதியவை. அழுக்கேறிக் கறுத்திருந்தால் பழைய கதை. கழுத்தின் அடிக்கட்டையில் புதிய துளைகள் இருக்கும் கருவியை வீட்டுக்குள் கொண்டுவருவது உங்கள் கதவு நிலைக்கும் ஆபத்து.

வில்லும் ஒலிபெருக்கியும்

கூட வரும் வில் வழுக்கினால் வில்லின் மயிரில் தேய்க்கும் பிசினான ரோசின் இல்லை, அவ்வளவுதான். டபுள் பேஸுக்கான ரோசின் மென்மையாக, ஒட்டும் தன்மையோடு இருக்கும். வயலின் ரோசின் இந்தத் தடித்த தந்தியை அந்த அளவுக்குப் பிடிக்காது. மே மாதத்தில் காரில் விட்டுவைத்தால் உருகி ஓடிவிடும். பிரெஞ்சுப் பிடியா, ஜெர்மன் பிடியா என்ற வாக்குவாதத்தை ஒதுக்கிவிட்டுக் கிடைத்த வில்லில் ஆரம்பியுங்கள்.

பிக்கப் பொருத்திய கருவியை நேராக மிக்ஸரில் செருகினால் தகரத்தைத் தட்டியதுபோல் ஒலிக்கும். பிக்கப்பைக் குறை சொல்ல வேண்டாம். பீசோ வகைப் பிக்கப்பைச் செருகும் இடத்தின் உள்ளீட்டுத் தடை மிக அதிகமாக, குறைந்தது 1 மெகா ஓம் அளவில் இருக்க வேண்டும். நடுவில் அந்தத் தடையைத் தரும் பிரீஆம்ப் என்ற சிறு பெருக்கியை வைத்தால் கீழ்ச்சுரம் திரும்ப வந்துவிடும். ஒயர், ஜாக் பழுதுக்கு ரிச்சி தெருவே போதும்.

விலை பேசுவதும் வீடு சேர்ப்பதும்

தந்தி, குதிரை, நட், சவுண்ட் போஸ்ட் ஆகிய நான்கும் மோசம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். நான்குக்கும் ஆகும் செலவை ஒரு தாளில் எழுதிக் கேட்ட விலையில் கழித்துவிட்டுப் பேசுங்கள். கழுத்து நேராகவும் பலகை அமுங்காமலும் இருக்கும் கருவி, இந்த நான்கும் கெட்டுப்போன நிலையில் கிடைத்தால், அதுதான் இந்த ஊரில் கிடைக்கும் நல்ல பேரம். மற்றவர்கள் வாசித்துப் பார்த்துப் பயந்து விட்டுப்போனது அது.

கருவி கிட்டத்தட்ட 180 செ.மீ. உயரம், பத்துக் கிலோவை ஒட்டிய எடை. ஆட்டோவில் ஏறாது. முன் இருக்கையை முழுவதும் சாய்க்க முடிகிற கார் என்றால், தலையை முன்பக்கம் விட்டு விலாவில் படுக்கவைக்கலாம். இல்லையென்றால் குட்டி யானை வண்டியை அழைத்து, அடியில் மெத்தை போட்டுக்கொள்ளுங்கள். எப்படி வைத்தாலும் எடை குதிரைமேல் இறங்கக் கூடாது. பழைய அடுக்குமாடிகளின் லிஃப்டை முன்கூட்டியே அளந்துவிடுவது நல்லது.

வண்டியில் ஏற்றும் முன் "தந்திகளைக் கழற்றிவிடலாம் சார், பாதுகாப்பு" என்று யாராவது முன்வந்தால் தடுத்துவிடுங்கள். சற்றுத் தளர்த்தலாம், கழற்றக் கூடாது. வீட்டுக்கு வந்ததும் எதையும் திருகாமல் இரண்டு மூன்று நாள் புதிய அறையின் காற்றுக்குப் பழகவிட்டு, பிறகு பழுது பார்ப்பவரை அழைக்கலாம். தந்தி மாற்றும்போது ஒன்றைக் கழற்றி, புதியதை மாட்டி இறுக்கிய பிறகே அடுத்ததைத் தொடுங்கள். ஒவ்வொரு முறை சுருதி ஏற்றும்போதும் குதிரையின் தலை ஃபிங்கர்போர்டு பக்கம் கொஞ்சம் கொஞ்சமாக இழுபடும். டெயில்பீஸ் பக்கத்து முகம் பலகைக்குச் செங்குத்தாக இருக்கிறதா என்று பக்கவாட்டிலிருந்து பாருங்கள். சாய்ந்திருந்தால் இரண்டு கைகளாலும் குதிரையின் மேல் மூலைகளைப் பிடித்து, கால்கள் நகராமல் பின்னுக்கு இழுங்கள். இறுக்கமாக இருந்தால் தந்திகளை அரைச்சுரம் இறக்கிக்கொண்டு இழுங்கள்.